காரைக்குடி மண் கிரவுண்டிலிருந்து இந்திய ரிலே அணி வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் வட்டாரப் பள்ளி, கல்லூரிகளில் ஓடும் பிள்ளைகளும் பெற்றோரும் பி.இ.டி. ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை.

பள்ளி ரிலே டீமில் நான்தான் கடைசி ஆள். மாவட்டத்தில் தங்கம் வாங்கினோம். இப்படியே போனால் இந்திய ரிலே டீமுக்குப் போய்விடலாமா?

போக முடியாது. முதலில் இதைப் புரிந்துகொண்டால் இரண்டு வருடம் மிச்சம். ரிலே ஓடி யாரும் தேசிய ரிலே அணிக்குள் நுழைவதில்லை. 100, 200, 400 மீட்டரில் தனியாக ஓடிய நேரத்தை வைத்துத்தான் பெயர் எடுக்கிறார்கள். இந்தியத் தடகளச் சம்மேளனம் பார்ப்பது ஃபெடரேஷன் கோப்பை, மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி, இந்தியன் கிராண்ட் பிரீ ஆகியவற்றில் வரும் தனிநபர் நேரங்களை. அதில் முன்வரிசையில் வருபவர்களைத் தேசிய முகாமுக்கு அழைக்கிறார்கள். நான்கு பேர் ஓடும் அணிக்கு ஆறு, ஏழு பேரைத் தயாராக வைத்திருப்பார்கள். யார் எந்த இடத்தில் ஓடுவது என்பதெல்லாம் முகாமுக்குள் போன பிறகு வரும் பேச்சு.

ஆகவே உங்கள் பள்ளி டீம் தங்கம் வாங்கியது நல்லதுதான். ஆனால் அன்றைக்கு 100 மீட்டர் ஹீட்ஸிலும் (முதல் சுற்று ஓட்டம்) பெயர் கொடுத்தீர்களா என்பதுதான் கேள்வி.

4x100-ஆ, 4x400-ஆ? எதற்குத் தயாராவது?

நேராகச் சொன்னால், 400. இந்தியாவின் ரிலே பலம் பல காலமாக 4x400-இல்தான் இருக்கிறது. 2023 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப் ஹீட்ஸில் ஆண்கள் அணி 2 நிமிடம் 59.05 வினாடியில் ஓடி ஆசியச் சாதனை படைத்தது. அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம். அந்த புடாபெஸ்ட் அணியின் கடைசி ஓட்டக்காரர் ராஜேஷ் ரமேஷ் தமிழ்நாட்டுக்காரர். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400-இல் ஓடிய நான்கு பேரில் மூவர் நம் ஆட்கள்: ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். 2025 குமி ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கிய கலப்பு அணியிலும் மூவர்: சந்தோஷ்குமார், விஷால், சுபா. அதே விஷால் 2025 ஆகஸ்டில் சென்னையில் 400 மீட்டரை 45.12 வினாடியில் ஓடி, முகமது அனஸின் தேசியச் சாதனையை உடைத்தார். மதுரையும் திருச்சியும் தந்த ஆட்கள் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். இரண்டுமே நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பஸ் தூரம்.

இன்னொரு வாசலும் உண்டு: 400 மீட்டர் தடை ஓட்டம். வித்யா ராம்ராஜும் சந்தோஷ்குமாரும் தடை ஓட்டக்காரர்கள், ரிலேயிலும் ஓடுகிறார்கள். ஹாங்சோவில் வித்யா 55.42 ஓடி பி.டி. உஷாவின் 1984 நேரத்தைச் சமன் செய்தார். அதே போட்டியில் ரிலே பதக்கமும் வாங்கினார். உயரமும் தாளமும் இருக்கிற பிள்ளையை வெறும் 100 மீட்டரிலேயே கட்டிப்போடுவது நம் பக்கத்தில் நடக்கிற தவறு.

4x100-இல் வழியே இல்லை என்று சொல்லவில்லை. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வாங்கிய அணியின் 38.89, பதினைந்து ஆண்டு அசையாமல் நின்றது. 2025 ஏப்ரல் 30 அன்று சண்டிகரில் குரிந்தர்வீர் சிங், அனிமேஷ் குஜுர், மணிகண்ட ஹோப்ளிதார், அம்லான் போர்கோஹைன் நால்வரும் 38.69 ஓடி அதை முறியடித்தார்கள். பெண்கள் பக்கம், குமியில் வெள்ளி வாங்கிய 4x100 அணியில் தமிழ்நாட்டு அபிநயா ராஜராஜன் இருந்தார். ஆனால் 100 மீட்டரில் முன்னேறப் பிறவி வேகம் வேண்டும். 400-இல் உழைப்புக்கு ஓரளவு கூலி உண்டு.

எவ்வளவு நேரம் ஓடினால் திரும்பிப் பார்ப்பார்கள்?

அறிவிக்கப்பட்ட ஒற்றை எண் கிடையாது. ஆண்டுக்கு ஆண்டு மாறும். குத்துமதிப்பாகச் சொன்னால், சீனியர் ஆண்கள் 400-இல் 46 வினாடி சொச்சத்துக்கு வந்தால் பேச்சு தொடங்கும்; பெண்களில் 53-ஐ ஒட்டி வர வேண்டும். இருபது வயதுக்கு உட்பட்ட பையன் 48-க்குக் கீழே இறங்கினால் மாநில அளவில் பெயர் தெரிந்துவிடும். 100-இல் ஆண்கள் 10.5-க்குள், பெண்கள் 11.7-க்குள்.

எங்கள் சார் ஸ்டாப் வாட்சில் 10.9 எடுத்தார். அப்படியானால் நான் 10.9 ஓட்டக்காரன்தானே?

இல்லை. கையால் எடுத்த நேரத்துக்கும் மின்னணு நேரத்துக்கும் 100, 200 மீட்டரில் 0.24 வினாடியும், 400-இல் 0.14 வினாடியும் வித்தியாசம் என்று கணக்கு வைப்பது வழக்கம். ஆக உங்கள் 10.9 உண்மையில் 11.14. துப்பாக்கிச் சத்தம் காதில் விழுந்தபின்தான் கட்டை விரல் அழுத்துகிறது. முடிவுக் கோட்டிலோ, ஆள் வருவதைப் பார்த்தே விரல் முந்திக்கொள்கிறது. அதுதான் காரணம். போதாக்குறைக்கு நம் பள்ளி மைதானங்களில் 100 மீட்டர் என்பது சில சமயம் 97 மீட்டராகவும் இருக்கும். டேப் வைத்து ஒரு முறை அளந்து பாருங்கள்.

காற்றும் உண்டு. 100, 200-இல் பின்காற்று வினாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் போனால் அந்த நேரம் சாதனைக்குச் செல்லாது. ஆடி மாதக் காற்றில் ஓடிய நேரத்தை வைத்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். திருச்சியிலோ மதுரையிலோ சென்னையிலோ சிந்தடிக் டிராக்கில் மின்னணு நேரம் எடுக்கும் போட்டிகளில் வருடத்துக்கு மூன்று நான்கு முறையாவது ஓடிவிடுங்கள். அந்த நேரம் பதிவான காகிதம்தான் உங்கள் முகவரி.

எந்த வரிசையில் போட்டிகளுக்குப் போவது?

பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போகும் பள்ளிக் கல்வித் துறைப் போட்டிகள் ஒரு வழி. முதலமைச்சர் கோப்பை இன்னொரு வழி. மூன்றாவது, மாவட்டத் தடகளச் சங்கம் வழியாக மாநில இளையோர் போட்டி, பிறகு தேசிய இளையோர் போட்டி. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாவட்டங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி தனியாக நடக்கிறது. சம்மேளனம் புது முகங்களைத் தேடுகிற இடம் அது. கல்லூரிக்குப் போனபின் பல்கலைக்கழக அணி, அங்கிருந்து அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் படிப்பவர்கள் முதல் வருடத்திலேயே பல்கலைக்கழகத் தேர்வுத் தேதியை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் தேர்வு நடுவில் வந்துவிடும்.

மூன்று வழியிலும் ஓடுங்கள். பள்ளிப் போட்டியில் மட்டும் ஓடிக்கொண்டிருப்பவர், சம்மேளனத்தின் கண்ணில் படவே மாட்டார்.

நாங்கள் ராயவரம் பக்கம். படிப்பது காரைக்குடியில். எந்த மாவட்டத்துக்கு ஓடுவது?

செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடப்பதால் வருகிற தலைவலி இது. பள்ளிப் போட்டிகளில் பள்ளி இருக்கும் மாவட்டம்தான் கணக்கு. சங்கப் போட்டிகளுக்கு ஒரே ஒரு மாவட்டத்தில் பதிவு செய்து, சம்மேளனத்தின் அடையாள எண் வாங்க வேண்டும். இந்த வருடம் இங்கே, அடுத்த வருடம் அங்கே என்று மாற்றினால் தடையில்லாச் சான்று கேட்பார்கள். பதிவு தேதி முடிந்த பிறகுதான் அது கிடைக்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். இன்ஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருந்ததற்காகத் திரும்பிவந்தவர்கள் உண்டு. வயதைக் குறைத்துப் போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இளையோர் பிரிவில் எலும்பு வயதுப் பரிசோதனை இருக்கிறது.

எங்களிடம் இருப்பது 200 மீட்டர் மண் கிரவுண்ட். இதில் ரிலே பழக முடியுமா?

தாராளமாக. பேட்டன் (கை மாற்றும் ரிலே குச்சி) மாற்றப் பழக முழு டிராக் தேவையில்லை. 90 மீட்டர் நீளம் இருந்தால் போதும்.

வளைவும் பழக வேண்டும். 200 மீட்டர் மைதானத்தின் வளைவு மிகக் குறுகல். அதில் பழகினால் உடம்பு தப்பாகச் சாயக் கற்றுக்கொள்ளும். அதற்கு ஒரு கைவேலை: ஒரு முளையடித்து, 40 மீட்டர் கயிறு கட்டி, மறுமுனையில் சுண்ணாம்புப் பொடி டப்பாவோடு கால்வட்டம் நடந்து வாருங்கள். 400 மீட்டர் டிராக்கின் உள்வளைவு ஆரம் 36.5 மீட்டர், ஒரு லேன் 1.22 மீட்டர். ஆக 40 மீட்டர் கயிறு கிட்டத்தட்ட நான்காம் லேனைத் தரும். கால்வட்டத்தில் 60 மீட்டருக்கு மேல் வளைவு கிடைத்துவிடும். கயிறு நைலானாக இருந்தால் இழுக்க இழுக்க நீளும். தேங்காய் நார்க் கயிறு நல்லது.

பேட்டனுக்கும் காசு செலவழிக்க வேண்டாம். விதிப்படி நீளம் 28 முதல் 30 செ.மீ., சுற்றளவு 12 முதல் 13 செ.மீ., எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. ஹார்டுவேர் கடையில் விற்கும் 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி.வி.சி. பைப்பை 29 செ.மீ. அளவில் வெட்டினால் சுற்றளவு 12.5 செ.மீ.யை ஒட்டி வரும். இரண்டு முனையையும் உப்புத்தாள் போட்டு மழுக்குங்கள். இல்லாவிட்டால் உள்ளங்கை கிழியும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு மைதானத்தில் நெருஞ்சி படர்ந்திருக்கும். வெறுங்காலோடு ஓடுகிறவர்கள் இருந்தால் ஓடுமுன் ஒரு நடை நடந்து பார்த்துவிடுங்கள்.

4x100-இல் செக் மார்க் எங்கே வைப்பது? ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

செக் மார்க் என்பது, கொடுக்கிறவர் அதைத் தொட்டதும் வாங்குகிறவர் கிளம்புவதற்காகத் தரையில் வைக்கும் அடையாளம். முதலில் மாற்று மண்டலம், அதாவது பேட்டன் கை மாற வேண்டிய பகுதி. அது இப்போது 30 மீட்டர். முன்பு 20 மீட்டர் மண்டலமும் அதற்கு முன்னால் 10 மீட்டர் ஓடுபாதையும் தனித்தனியாக இருந்தன; அவற்றை ஒன்றாக்கிவிட்டார்கள். பழைய ஆசிரியர்கள் சிலர் இன்னும் பழைய கணக்கில்தான் கோடு போடுகிறார்கள். 100 மீட்டர் கோட்டுக்கு 20 மீட்டர் முன்னால் மண்டலம் தொடங்கி, அதைத் தாண்டி 10 மீட்டரில் முடியும். வாங்குகிறவர் மண்டலத்துக்குள் நின்றுதான் கிளம்ப வேண்டும்.

இனி கணக்கு. மண்டலத் தொடக்கத்திலிருந்து 25-ஆவது மீட்டரில் பேட்டன் கை மாற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் நின்ற நிலையிலிருந்து 25 மீட்டர் ஓட எடுக்கும் நேரத்தை நான்கைந்து முறை அளந்து சராசரி எடுங்கள். உதாரணத்துக்கு 3.7 வினாடி. கொடுக்கிறவர் களைத்து வரும் கடைசிக் கட்டத்தில் அவர் வேகம் என்ன என்று பாருங்கள். 100 மீட்டர் ஓடச் சொல்லி, கடைசி 30 மீட்டரை மட்டும் அளந்தால் தெரியும். அது வினாடிக்கு 8.8 மீட்டர் என்றால், 3.7 வினாடியில் அவர் 32.5 மீட்டர் வருவார். இருவரும் கை நீட்டும்போது நடுவில் சுமார் 1 மீட்டர் இடைவெளி இருக்கும். ஆகவே அவர் 24-ஆவது மீட்டரில் இருந்தால் போதும். 32.5-இல் 24 போனால் 8.5. மண்டலத் தொடக்கத்துக்கு 8.5 மீட்டர் பின்னால் மார்க். குதிகாலோடு விரல் ஒட்டி, ஷூ அடியாக அளந்தால், 28 செ.மீ. ஷூவுக்கு 30 அடி.

முதல் நாள் இதைவிட நான்கு அடி குறைத்தே வையுங்கள். மார்க் கிட்டே இருந்தால் வாங்குகிறவர் தாமதமாகக் கிளம்புவார், கொடுக்கிறவர் மேலே ஏறிவிடுவார், வேகம் போகும். ஆனால் பேட்டன் கைக்கு வரும். மார்க் எட்ட இருந்தால் வாங்குகிறவர் பறந்துவிடுவார், பேட்டன் மண்டலத்துக்கு வெளியே போய்விடும், அணியே நீக்கப்படும். நான்கு அடி குறைவில் தொடங்கி, ஒவ்வோர் அடியாகக் கூட்டிக்கொண்டே போய், இனி தாங்காது என்கிற இடத்தில் ஓர் அடி பின்வாங்குங்கள். அந்த எண்ணை நோட்டில் எழுதுங்கள். அது அந்த இருவருக்கு மட்டுமே; ஆள் மாறினால் எண் மாறும். காலை 6 மணிக்குப் பழகிய எண் மதியம் 3 மணி இறுதிப் போட்டிக்குப் பொருந்தாமலும் போகும். உடம்பு சூடேறியிருந்தால் ஓர் அடி கூடும், எதிர்காற்று இருந்தால் ஓர் அடி குறையும்.

போட்டியில் ஒட்டும் டேப் 5 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளத்துக்குள், உங்கள் லேனுக்குள் ஒன்றே ஒன்று ஒட்டலாம். உங்கள் டேப் எந்த நிறம் என்று பார்த்து வையுங்கள். பக்கத்து லேன்காரர் அதே நிறம் ஒட்டியிருப்பார்; பதற்றத்தில் அவர் டேப்பைப் பார்த்துக் கிளம்பினவர்கள் இருக்கிறார்கள்.

எந்தக் கையில் வாங்குவது, எந்தக் கையில் கொடுப்பது?

முதல் ஆள் வலது கை, இரண்டாம் ஆள் இடது, மூன்றாம் ஆள் வலது, நான்காம் ஆள் இடது. ஓடும்போது யாரும் கை மாற்றக் கூடாது. வலது கையில் பேட்டன் வைத்திருப்பவர் வளைவில் லேனின் உள்கோட்டை ஒட்டி ஓடலாம். இடது கையில் வாங்குகிறவர் லேனின் வெளிப்பக்கம் நிற்பார். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் மோத மாட்டார்கள்.

வாங்குகிறவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கொடுக்கிறவர் குரல் கொடுத்தபின் கை பின்னால் போகும். போன கை ஆடக் கூடாது. ஆடுகிற கையைத் துரத்துவதில்தான் பாதிப் பேட்டன்கள் விழுகின்றன. மீதிப் பாதி, கொடுக்கிறவர் குரல் கொடுத்த கையோடு வேகத்தையும் குறைத்துவிடுவதால். குரலுக்கு 'ஸ்டிக்' என்று கத்தாதீர்கள். எட்டு லேனிலும் அதைத்தான் கத்துவார்கள். வாங்குகிறவரின் வீட்டுப் பெயரில் ஓர் எழுத்து போதும்.

யாரை எங்கே நிறுத்துவது?

நல்ல ஸ்டார்ட் உள்ளவரும் வளைவில் தடுமாறாதவரும் முதலில். இரண்டாம், மூன்றாம் ஆட்கள் கையில் பேட்டனோடும் இல்லாமலும் சேர்த்து 125 மீட்டர் வரை ஓடுகிறார்கள். வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். ஆகவே 200 மீட்டர் பழகினவர் இரண்டாவது இடத்துக்குப் பொருத்தம். மூன்றாமவர் வளைவுக்காரர். நான்காமவர் பக்கத்தில் ஆள் வந்தால் தோள் இறுகாதவர். எல்லாரிலும் வேகமானவரைக் கடைசியில் நிறுத்துவது நம் ஊர் வழக்கம். தப்பில்லை, ஆனால் அவருக்கு வாங்கும் பழக்கம் சரியில்லை என்றால் முதலில் நிறுத்துங்கள். அங்கே கொடுக்கிற வேலை மட்டும்தான்.

பேட்டன் விழுந்தால் முடிந்ததா?

முடியவில்லை. விழவிட்டவரே எடுக்க வேண்டும். லேனை விட்டுப் போயும் எடுக்கலாம், தூரத்தைக் குறைக்காமலும் பிறரை மறிக்காமலும் இருந்தால் சரி. மண்டலத்துக்குள் மாறியதா என்பதற்குப் பேட்டன் இருக்கும் இடம்தான் கணக்கு; கால் எங்கே இருந்தது என்பது கணக்கில்லை. கையுறை கூடாது, பிசினும் கூடாது.

4x400-இல் மாற்றுவது சுலபம்தானே?

பார்த்து வாங்குவதால் சுலபம் போலத் தெரியும். மண்டலம் 20 மீட்டர்தான். முதல் ஆள் முழுதும் லேனில்; இரண்டாம் ஆள் முதல் வளைவு முடிந்ததும் உள்ளே வெட்டலாம். மூன்றாம், நான்காம் ஆட்கள், தங்கள் அணி 200 மீட்டரைத் தாண்டும் வரிசைப்படி உள்ளிருந்து வெளியாக நிற்க வேண்டும். நின்றபின் இடம் மாறக் கூடாது. கொடுக்க வருகிறவர் கால் கட்டிப்போய்த் தள்ளாடி வருவார். அவர் வேகத்தைக் கண்ணால் எடைபோட்டுக் கிளம்புவது வாங்குகிறவர் பொறுப்பு. வாங்கின வேகத்தில் முதல் 200 மீட்டரைத் தலைதெறிக்க ஓடுவதுதான் இளையோர் செய்யும் தவறு. தனி 400-இல் முதல் 200-ஐ 23.5-இல் கடக்கிற பையன், ரிலே வெறியில் 22.5-இல் போவான், கடைசி 80 மீட்டரில் அதற்கு மூன்று வினாடி வட்டி கட்டுவான்.

கலப்பு ரிலேயில் டோக்கியோவில் யாரும் எந்த வரிசையிலும் ஓடலாம் என்று இருந்தது. நம் அணி ஆண், பெண், பெண், ஆண் என்று ஓடியது. இப்போது ஆண், பெண், ஆண், பெண் என்று வரிசை நிலைத்துவிட்டது.

ரிசர்வ் என்று கூப்பிடுகிறார்கள். சும்மா உட்கார்ந்துவிட்டு வரவா?

2024 மே மாதம் பஹாமாஸில் நடந்த உலக ரிலே போட்டியைப் பாருங்கள். பாரிஸ் ஒலிம்பிக்கின் பதினாறு இடங்களில் பதினான்கு அங்கேதான் கொடுக்கப்பட்டன. முதல் நாள் இரண்டாம் ஆளாக ஓடிய ராஜேஷ் ரமேஷுக்குத் தசைப்பிடிப்பு. இந்திய அணி ஓட்டத்தை முடிக்கவே இல்லை. மறுநாள் ஆரோக்கிய ராஜீவ் உள்ளே வந்தார். அனஸ், அஜ்மல், ராஜீவ், அமோஜ் ஜேக்கப் 3:03.23 ஓடி, தங்கள் ஹீட்ஸில் அமெரிக்காவுக்கு அடுத்து வந்து ஒலிம்பிக் இடத்தைப் பிடித்தார்கள். ஐந்தாம் ஆள் முதல் நாள் இரவு சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த இடம் போயிருக்கும்.

ஸ்பைக்ஸ் இல்லை. வெறுங்காலில் ஓட விடுவார்களா?

விதிப்படி விடுவார்கள். ரேவதி வெறுங்காலில் தொடங்கியவர்தான். ஆனால் சித்திரை வெயிலில் சிந்தடிக் டிராக் தோசைக்கல் மாதிரி இருக்கும். முதல் ஸ்பைக்ஸ் வாங்கும்போது ஆணி 9 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. மண் கிரவுண்டுக்கு வாங்கிய நீள ஆணியோடு மதுரைக்குப் போனால், ஓட்டத்துக்கு முன் வீரர்களைச் சரிபார்க்கும் அறையில் (call room) கழற்றச் சொல்வார்கள். ஆணி கழற்றும் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜிம்மில் ஒரு பவுடர் தருகிறார்கள். எடுக்கலாமா?

வேண்டாம். ஊக்கமருந்து விதியில் 'தெரியாமல் சாப்பிட்டேன்' என்பது விடுதலை தராது. உடம்பில் இருந்தால் பொறுப்பு உங்களுடையது. லேகியம், சூரணம், மூட்டு வலி ஊசி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். டாக்டரிடம் போனால் விளையாட்டு வீரர் என்று முதலிலேயே சொல்லி, சீட்டைப் பத்திரமாக வையுங்கள். காலையில் நீராகாரம், பயிற்சிக்குப் பின் முட்டை அல்லது சுண்டல், இடையில் உப்புப் போட்ட மோர். பதினேழு வயதுக்கு இது போதும்.

ரிலே சான்றிதழ் வேலைக்கு ஆகுமா?

ஆகும். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, ராணுவம், காவல்துறை தனியாக எடுக்கின்றன. டோக்கியோவுக்குப் போன ராமநாதபுரம் மாவட்டத்து நாகநாதன் பாண்டி சென்னைக் காவல்துறையில் இருந்தவர். கவனிக்க வேண்டியது படிவம்: சர்வதேசம் முதல் படிவம், தேசியம் இரண்டாம் படிவம், பல்கலைக்கழகம் மூன்று, பள்ளி நான்கு. போட்டி முடிந்த வாரத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் செயலாளரைத் தேடி அலைய வேண்டிவரும்.

நான்கு பேரில் ஒருவன் பயிற்சிக்கே வருவதில்லை, ஆனால் அவன்தான் வேகம். என்ன செய்வது?

ஐந்தாமவனை வைத்துப் பழகுங்கள். 4x100-இல் 0.2 வினாடி வேகம் கூடின ஆளைவிட, மார்க் சரியாக அமைந்த ஆள் அதிகம் மிச்சம் பிடித்துத் தருவான். நால்வரின் தனி நேரத்தைக் கூட்டுங்கள், ஒவ்வொருவரும் 11.5 என்றால் 46. பழகின அணி அதை 44-க்கு இறக்கும். பழகாத அணி 45.5-இல் நிற்கும். வராதவனை 4x400-க்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கண்ணால் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.